செல்லாத இருபத்து மூன்று

அக்டோபர் 29, சனி

இல்லை, கட்சிமேல் பக்தி வந்து நான் சேரவில்லை. அக்கா ரோகினி காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள், "ஏன்டா அங்க போற?" என்று. சும்மா உட்கார முடியவில்லை, போகிறேன். அவ்வளவுதான். நீலாய் காலேஜை இரண்டாவது செமஸ்டரில் விட்டேன். பிறகு பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான்கு மாதம். தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன், ஆறு வாரம். தேர்தல் வேலை மூன்றே வாரத்தில் முடிந்துவிடும். எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஜெயித்தால் எம்பியின் சேவை மையத்துக்கு ஒரு பையன் வேண்டுமாம். தொகுதி வேலையெல்லாம் பார்க்கிற சத்தியசீலன் அண்ணன் தன் வாயால் சொன்னார்.

நவம்பர் 2, புதன்

எங்கள் தொகுதி என்றால் டவுன் ஃபிளாட்தான். பதினான்கு புளோக், ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு வீட்டில் ரசம் கொதித்தால் மூன்று வீட்டில் தும்முகிறார்கள். மேல் மாடிக்காரர்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கோபம். கீழ் மாடிக்காரர்களுக்கு மேலேயிருந்து குப்பை விழுகிறது என்று கோபம். நாங்கள் இரண்டு பேரிடமும் ஒரே நோட்டீஸைக் கொடுக்கிறோம்.

ஐந்தாவது மாடியில் ஒரு அக்கா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினார். "போன தடவ வந்தவனும் இதே எடத்துல தான் மூச்சு வாங்கினான். தண்ணி கேட்டான். இல்லன்னு சொன்னேன். உனக்கும் அதே தான்."

சாயங்காலம் சத்தியசீலன் அண்ணன் மேப்பைக் காட்டினார். ஃபிளாட்டெல்லாம் சிவப்புப் புள்ளி. லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "உன் ஊரு தான, நீயே பாத்துக்க. முந்நூறு ஓட்டு. இங்க ரெண்டு மாடிப்படி ஏறுனா முந்நூறு வந்துரும்" என்றார்.

அதாவது கெடுத்தாலும் பரவாயில்லை என்பதால் என்னிடம் கொடுத்தார். சரி.

நவம்பர் 5, சனி

வேட்புமனுத் தாக்கல். நான்கு பேர் நிற்கிறார்கள். ஓட்டுச் சீட்டில் எங்கள் படகுச் சின்னம் மூன்றாவது கட்டம். எங்களுக்கு நேர் எதிரிகளின் கடிகாரம் இரண்டாவது.

கூட்டத்தில் ஃபிரோஸைப் பார்த்தேன். பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை என் பக்கத்து நாற்காலி. அவன் அப்பா யாக்கூப் மாமாவுக்கு மந்தினில் சாப்பாட்டுக் கடை, கடிகாரக் கட்சியின் கிளைப் பொறுப்பும் அவர்தான். ஃபிரோஸ் கட்சிச் சட்டையில் இருந்தான்.

"படிப்ப விட்டவனெல்லாம் நாட்ட ஆள வந்துட்டீங்களா?"

"நீயும் தானடா விட்ட."

"நான் கடைய பாக்க விட்டேன். நீ எத பாக்க விட்ட?"

வீட்டுக்கு வந்த பிறகும் அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெரியம்மா (பேர் பஞ்சாலை) இன்று தானாகவே கூப்பிட்டார். வயது அறுபத்து மூன்று. பால்மரம் வெட்டியவர். இப்போது நீலாயில் நான் விட்ட அதே காலேஜில் துப்புரவு வேலை. "நீ படிக்காம வுட்ட கிளாஸ நான் தினம் கூட்டிக்கிட்டிருக்கேன்" என்பார், பார்க்கிறபோதெல்லாம்.

இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் இத்தனை வருஷமும் சிவப்பு ஐசி, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், ஓட்டுப் போட முடியாது. புத்ராஜெயா பதிவிலாகாவுக்கு மூன்று தடவை அலைந்து, இந்த மார்ச்சில் குடிமக்களின் நீல ஐசி வந்தது. ரொட்டிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். அதை எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்டார்:

"என் பேரு லிஸ்ட்ல இருக்கா பாரு."

போனில் பார்த்தேன். இருந்தது. திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"எங்கம்மா போடாம செத்துச்சு. என் வூட்டுக்காரரு போடாம போய்ட்டாரு. நான் ஒண்ணு போட்டுட்டா போதும்டா. தப்பாப் போட்டுட்டா?"

"பெட்டிக்குள்ள போட்டா போட்டது தான் பெரியம்மா."

"அப்ப ஒழுங்கா சொல்லிக் குடு."

நவம்பர் 13, ஞாயிறு

இன்று கோயில் மண்டபத்தில் ஓட்டுப் போடும் பயிற்சி. என் யோசனை. நான்கு கட்டம் வரைந்து, சின்னம் ஒட்டி, நூறு நகல் எடுத்தேன். வந்தது எண்பத்து நான்கு பேர். ஆனால் கட்டத்தில் கோடு போட என்னிடம் இருந்தது இரண்டு பேனா.

வரிசை நகரவே இல்லை. பாதிப் பேர் கண்ணாடி எடுத்து வரவில்லை. வீரமுத்து அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு, தன் பேரை முழுசாக எழுதினால்தான் செல்லும் என்று சண்டைக்கு வந்தார். மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி தங்கராஜுவிடம் ஓடிப்போய் ஸ்டாம்ப் பேடு வாங்கி வந்தேன். "விரல வச்சு காட்டுங்க போதும், எந்தக் கட்டம்னு தெரிஞ்சா சரி" என்றேன். ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது.

இவர்களுக்கு விரல் வைப்பது பழக்கம். பேங்கில் விரல், பதிவிலாகாவில் விரல், பெரியம்மாவுக்கு வேலைக்கு வந்த நேரம் பதியவும் விரல். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரியம்மா இடது ஆள்காட்டி விரலை வைத்தார். ரேகை நடுவில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பால் வெட்டும் கத்தி பட்டதாம், பத்தொன்பது வயசில்.

எண்பத்து நான்கும் மூன்றாவது கட்டம். ஒன்றுகூடத் தப்பவில்லை. படம் அனுப்பினேன். "வேல தெரிஞ்ச பையன்" என்று சத்தியசீலன் அண்ணன் பதில் போட்டார்.

நவம்பர் 15, செவ்வாய்

எங்கள் வேட்பாளர் ஹேமநாதன் தோட்டத்துக்கு வந்தார். ஏழு நிமிஷம். மாலை போட்டதில் மூன்று நிமிஷம் போய்விட்டது.

நவம்பர் 18, வெள்ளி

நாளை நான் ஓட்டு எண்ணும் இடத்தில் கட்சி ஏஜெண்ட். லாபு தமிழ்ப்பள்ளி, வயதுப்படி பிரித்த ஓட்டு வரிசைகளில் முதலாவது. வயதானவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான். நம் தோட்டத்து ஆள்களே முக்கால்வாசி.

நவம்பர் 19, சனி — மத்தியானம்

பெரியம்மா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஏழரைக்கே வரிசையில் நின்றார். நான் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே. ஒன்பதரைக்கு வந்தார். மை வைத்த விரலை நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தார், அடிபட்ட விரல் மாதிரி.

"போட்டாச்சு. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே."

சிரித்தேன். பசியாறினீங்களா என்று கேட்டேன். இல்லையாம், விரதமாம். ஓட்டுக்கு யார் விரதம் இருப்பார்கள்.

நவம்பர் 20, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இன்று எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி எழுதுவேன்.

நேற்று ஆறு மணிக்கு, ஓட்டுப் போட்ட அறையிலேயே கதவைச் சாத்தி எண்ணத் தொடங்கினார்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பு, நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். சாவடித் தலைவர் ஒரு மலாய் ஆசிரியை, மலாயில் டீச்சருக்குச் சொல்கிற 'சிக்கு' என்றே எல்லாரும் கூப்பிட்டோம். ஏஜெண்டுகள் மூன்று பேர். நான், ஃபிரோஸ், மூன்றாவது கட்சியின் மலாய்க்கார அங்கிள் ஒருவர். சிக்கு ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினார்.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ சீட்டில் நின்றார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

கோடு இல்லை. கட்டத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரு விரல் ரேகை.

சீட்டு வாங்குவதற்கு முன்னால் விரலில் மை வைக்கிறார்கள். ஈரம் காயவில்லை. உள்ளே போய், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். நிஜ ஓட்டுக்குப் பேனாவால் கோடு போடணும்னு நான் சொன்னேன். சொன்னேன் தான். ஆரம்பத்துல, ஒரே ஒரு தடவ, பாதிப் பேரு வந்து உக்காரதுக்கு முன்னாடி.

சிக்கு தனியாக எடுத்து வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் இருபத்து மூன்று. படகில் பதினான்கு, கடிகாரத்தில் ஒன்பது.

ஒன்பது. கோயிலில் எண்பத்து நான்கும் படகு.

நான் வாதாடினேன். நல்லா தான் பேசினேன், எனக்கே ஆச்சரியம். யாருக்குப் போட்டார்கள் என்பது தெளிவு, ஒரே கட்டத்தில்தான் அடையாளம், சேர்க்க வேண்டும் என்றேன். சிக்கு கையேட்டைப் புரட்டினார். போட்டது யார் என்று கண்டுபிடிக்க வழியிருக்கிற சீட்டைச் சேர்க்கக்கூடாது என்று வாசித்தார். ஆனால் அவருக்கே மனசில்லை, முகத்தில் தெரிந்தது.

"சிக்கு, இந்த ரேகையைப் பார்த்து யாருடையது என்று இந்த அறையில் யாரால் சொல்ல முடியும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே கையிலிருந்த அடுத்த சீட்டைத் திருப்பினார். ரேகை நடுவில் குறுக்கே வெள்ளைக் கோடு.

கடிகாரத்தின் கட்டத்தில்.

என்னால் சொல்ல முடியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"என்னடா, நாக்கு ஒட்டிக்கிச்சா?" ஃபிரோஸ் குனிந்து கேட்டான். பிறகு அவனே சிக்குவிடம், "எங்களுக்குப் பிரச்சினை இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றான். எங்கள் படகுக்குத்தான் ஐந்து ஓட்டு அதிகம் வரும், தெரிந்தும் சொன்னான். சிக்கு என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். அங்கிள் இருமிவிட்டு, சட்டப்படி செய்யுங்கள் என்றார். முடிந்தது. இருபத்து மூன்றும் செல்லாத ஓட்டு. முடிவெழுதும் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

நான் ஏன் பேசவில்லை? விதி சரி என்று பட்டதா? இல்ல, அந்தக் கட்டத்தப் பாத்தா?

கட்டம் தான். பெரியம்மா கடிகாரத்துல வச்சிருக்கிறதப் பாத்த கோவத்துல தான் வாய மூடினேன். விதியெல்லாம் மோட்டார் சைக்கிள்ல வீட்டுக்கு வரும்போது யோசிச்சுக்கிட்டது.

நவம்பர் 21, திங்கள்

ஜெயித்துவிட்டோம். ஆறாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். எல்லாம் ஃபிளாட் ஓட்டு. இருபத்து மூன்றைப் பற்றிச் சொன்னேன். சத்தியசீலன் அண்ணன் பிரியாணிப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆறாயிரம்டா. இருபத்து மூணு எந்த மூலைக்கு லா. டிசம்பர் ஒண்ணு வேலைக்கு வந்துரு."

நவம்பர் 24, வியாழன்

நான்கு நாள் பின்பக்கமாகவே வீட்டுக்குள் போய் வந்தேன். இன்று பெரியம்மா பைப்படியில் பிடித்துவிட்டார். விரலில் மை இன்னும் இருந்தது.

"எண்ணி முடிச்சாச்சு தான? என்னோடதும் சேந்துருச்சா?"

ஆமா என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எவனுக்கும் தெரியாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சேரல பெரியம்மா." விரல் வைத்த சீட்டையெல்லாம் தள்ளிவிட்டார்கள் என்றேன். தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான் என்றேன்.

வாளி நிரம்பி வழிந்தது. பைப்பை மூடினார்.

"அதுல என்னோடது இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என் கண் அவர் விரலுக்குப் போய்விட்டது. அவரும் பார்த்தார்.

"அப்ப எங்க வச்சேன்னும் பாத்துட்ட."

"ம்."

"யாக்கூப்பு தான்டா மூணு தடவயும் புத்ராஜெயா கூட்டிட்டுப் போனாரு. கடைய சாத்திட்டு. நெருப்பு மாதிரி வெயில்ல கூடவே நின்னாரு. ஓட்டப் பத்தி ஒரு வார்த்த பேசல." வாளியை ஓரமாக நகர்த்தினார். "கோயில்ல எல்லார் முன்னாடியும் படகுல வைக்கலன்னா நீ மூஞ்சிய தொங்கப் போடுவ. அதான் வச்சேன்."

மூன்று தடவை போனேன் என்று அவர் சொன்னபோது, யாரோடு போனீங்க என்று நான் கேட்கவே இல்லை. இப்போதுதான் உறைத்தது.

"நீ பேசியிருந்தா சேத்திருப்பாங்களா?"

"தெரியல."

"தெரியலயா, சொல்ல மாட்டியா?"

"சேத்திருக்கலாம் பெரியம்மா. எண்ணுன டீச்சர் யோசிச்சாங்க. உங்க சீட்ட பாத்ததும் நான் தான் நிறுத்திட்டேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பிடிக்கிறேன் என்றேன். கேட்காத மாதிரிப் போனார்.

நவம்பர் 27, ஞாயிறு

மற்ற இருபத்து இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. அதனால் பயிற்சிக்கு வந்த எல்லா வீட்டுக்கும் போனேன். "நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன், விரல் வச்சா செல்லாது, கோடு தான் போடணும்" — இதையே கதவுக்குக் கதவு. நீங்க எப்படிப் போட்டீங்க என்று ஒருவரையும் கேட்கவில்லை.

வீரமுத்து அண்ணன்: "உன் கட்சி ஓட்ட நீயே கெடுத்தியா? எதிர்க்கட்சிக்காரன் உனக்குப் பொன்னாட போத்தணும்டா."

கிராணி தங்கராஜு: "ஸ்டாம்ப் பேடு ஆபீஸ்து. என் பேர இழுக்காத."

புஷ்பவள்ளி அக்கா: "நான் கோடு தான் போட்டேன். நீ சொன்னத அன்னைக்கே யாரு கேட்டா?"

இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் ஒரு தாத்தா விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது திட்டைவிட மோசம்.

பெரியம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

நவம்பர் 30, புதன்

சத்தியசீலன் அண்ணன் போன். "வீடு வீடா போயி நம்ம ஓட்டு செல்லலன்னு சொன்னியாமே? எவன்டா சொல்லச் சொன்னான்? எம்பி பேரு என்ன ஆகுறது?"

நாளைக்கு வர வேண்டாமாம். அவர் தங்கச்சி மகன் வருகிறானாம்.

டிசம்பர் 7, புதன்

மறுபடியும் பார்சல் வேலை. ரோகினி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 18, ஞாயிறு

இருபத்து நான்கு நாளுக்குப் பிறகு பெரியம்மா பேசினார். மன்னிப்பு அது இதெல்லாம் இல்லை. வாசலில் நின்றே கேட்டார்.

"உனக்கு கார் லைசென்ஸ் இருக்கு தான?"

"இருக்கு."

"என் தம்பி சன்னாசிக்கு இன்னும் செவப்பு ஐசி தான். யாக்கூப்புக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆயிருச்சு, கார் ஓட்டக் கூடாதாம். பேப்பரெல்லாம் அவர் கடையில இருக்கு. போயி வாங்கிக்கிட்டு வா."

முடியுமா என்று கேட்கவில்லை. வா என்று முடித்துவிட்டார்.

டிசம்பர் 20, செவ்வாய்

மந்தினில் யாக்கூப் மாமா கடை. கல்லாவில் ஃபிரோஸ்.

"எங்க ஆள இழுக்க வந்துட்டியா?"

"சன்னாசி மாமா ஓட்டே இல்லாத ஆளுடா."

அவன் கல்லாவைச் சாத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தான், "வாப்பா, புவன் வந்திருக்கான்." மாமா மெலிந்திருந்தார். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் கூடத்தின் பழைய பதிவு எங்கே கிடைக்கும், எந்தக் கவுண்டரில் கத்துவார்கள், எந்தக் கவுண்டரில் உட்கார வைத்துப் பேசுவார்கள், எல்லாம் சொன்னார். "கோபப்படாத தம்பி. நீ கோபப்பட்டா அவங்களுக்கு என்ன, நம்பர மாத்தி விட்ருவாங்க. நின்னுக்கிட்டே இரு." இழுத்து ஆற்றிய டீ, தே தாரிக், கொடுத்தார். ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டேன். காலேஜில் இவ்வளவு எழுதியதில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

புத்ராஜெயா, முதல் தடவை. ஐந்து மணி நேரம் நின்றோம். சாட்சிக் கடிதத்தில் தேதி இல்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல வந்தது. கத்தவில்லை. சன்னாசி மாமாதான் காரில் ஏறி அழுதார். வயது ஐம்பத்து எட்டு.

பிப்ரவரி 21, செவ்வாய்

இரண்டாவது தடவை, இன்று. பார்சல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். ஃபிரோஸ் நேற்றே யாக்கூப் மாமா காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டான். எண்ணெயும் ஊற்றியிருக்கிறான், கேட்டால் ஊற்றவில்லை என்கிறான்.

பெரியம்மா விடியற்காலையிலேயே ஃபைலைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். எல்லாத் தாளிலும் தேதியைச் சரிபார்த்தாராம், இரண்டு தடவை. "நீ மூணாவது தடவ பாரு" என்றார். பார்த்தேன்.

சன்னாசி மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டு, முன்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். ஏறும்போதே சொன்னார், "நீல ஐசி மட்டும் வரட்டும்டா, என் ஓட்டு உன் படகுக்குத் தான்."

"யாருக்குன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா. என்கிட்டயும் தான்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வழியில் விளக்கிச் சொல்லணும், ஒரு தடவை இல்லை, புரிகிறவரைக்கும் —

ஹாரன் அடிக்கிறார். எட்டு மணிக்குள் நம்பர் எடுக்கணும். நான் போகணும்.